ஒரே அடுப்பு

தமயந்தியின் குழம்பில் காரம் எப்போது குறையத் தொடங்கியது என்று சென்னியப்பனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே நாளில் குறைந்திருந்தால் அன்றைக்கே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். கத்திரிக்காய்க் குழம்பு கொதித்தால் பக்கத்து வீட்டுக்காரன் தும்முவான் என்று பேர் வாங்கிய வீடு அது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாக, ஆளுக்குத் தெரியாமல் மிளகாய் குறைந்து, கடைசியில் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பத்தியக் குழம்பில் வந்து நின்றது.

கேட்டால், "வயசாகுதில்லீங்க? வயிறு என்ன இரும்பா?" என்பாள்.

"எனக்கு இரும்புதான். உனக்கு ஆகலீன்னா நீ தயிர் ஊத்திக்கோ புள்ள."

அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அடுத்த நாளும் அதே குழம்புதான் வரும். தமயந்தியிடம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை என்பதால் சென்னியப்பன் வேறு வழி பார்த்தார். கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் அவர் வெல்டிங் மேஸ்திரி. பஸ் எல்லாம் பேட்டரியில் ஓட ஆரம்பித்துவிட்டாலும் கூட்டை மனுஷன்தான் பற்ற வைக்க வேண்டியிருந்தது. பட்டறையில் தன் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய மிளகாய்ப் பொடி வைத்துக்கொண்டார். மத்தியானச் சோற்றில் அதைத் தூவிப் பிசைந்து தின்று, ஏப்பம் விட்டு, ஒரு சிகரெட்டையும் பற்ற வைத்தால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே வாயில் ரசம் பட்டாலே எரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் வெள்ளையாக, பாலாடை ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு படலம் தெரிந்தது. துணியால் துடைத்தார், உப்பு வைத்துத் தேய்த்தார். அது போகவில்லை. தமயந்திதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் ஹெப்சிபா நாகர்கோவில் பக்கத்துப் பெண். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது.

"இது புற்றுநோய் இல்ல. புற்றுநோய்க்கு முந்தின படி. நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?"

"வெல்டிங்குங்க."

"பொறி பறக்கிற இடத்துல பஞ்சு மூட்டை இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஈரச் சாக்குப் போட்டு மூடுவமுங்க."

"சிகரெட்டுப் புகையிலயும் கண்ணுக்குத் தெரியாத பொறி இருக்கு. அது வாய்த்தோலைச் சுட்டுக்கிட்டே இருக்கும். அணைக்கிறதுக்கு ரத்தத்துல சில சத்துக இருக்கு. எதிர் ஆக்சிஜனேற்றின்னு நாங்க சொல்லுவோம், நீங்க ஈரச் சாக்குன்னே வெச்சுக்கோங்க. புகைக்கிறவங்களுக்கு அந்தச் சாக்கு காஞ்சு போயிரும். உங்களுக்கு ரொம்பவே காஞ்சிருக்கு."

"அதுக்கு மாத்திரை இருக்குமில்லீங்களா?"

"மாத்திரை போட்டா ரத்தத்துல அளவு ஏறும், புண்ணு ஆறாது. உடம்பு தானாச் செஞ்சு வெச்ச சத்துதான் வேலை செய்யும். இப்ப அதை ஒருத்தர் ரத்தத்துல இருந்து பிரிச்சு இன்னொருத்தருக்கு ஏத்த மெஷின் வந்திருக்கு. ஆனா யாரோடது வேணும்னாலும் ஒட்டாது. ரெண்டு வருஷமாவது ஒரே அடுப்புல சாப்பிட்டவங்களா இருக்கணும். குடல்ல இருக்கிற கிருமிதான் இந்தச் சத்தைப் பக்குவம் பண்ணுது. ஒரே சோறு தின்னாத்தான் ஒரே கிருமி இருக்கும்."

சென்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் தமயந்தி கையை நீட்டிவிட்டாள். "எங்கிட்ட எடுத்துக்கோங்க டாக்டரம்மா."

"அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று அவர் கேட்கத்தான் செய்தார். அதைப் பின்னால் பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கேட்டேன், கேட்காமல் இல்லை.

"இறைக்கிற கிணறுதான் ஊறும்னு நீங்களே சொல்லுவீங்கல்ல? ரெண்டு வாரத்துல ஊறிரும். ஒவ்வொரு தடவையும் அளவு பாத்துட்டுத்தான் எடுப்போம். அளவு குறைஞ்சா எடுக்க மாட்டோம், அதே வீட்டுல இருக்கிற வேற ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லுவோம். நீங்க சிகரெட்டை விட்டுரணும், அது முக்கியம்."

விட்டார். சில மாதம் விட்டார். வெள்ளைப் படலம் மெல்லக் கரைந்து கன்னம் பழையபடி சிவந்தது. எரிச்சல் போயிற்று. எரிச்சல் போன வாய்க்குப் பழைய பழக்கம் ஞாபகம் வந்தது. பட்டறையில் ஒருவன் நீட்டினான், இவர் வாங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தமயந்தி கை நீட்டுவதும் நிற்காமல் நடந்தது. அதான் தமயந்தி இருக்கிறாளே என்று நினைத்தாரா என்றால், அப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் நினைக்காமல் இருந்துவிட முடியுமா?

ஊரும் அப்படித்தான் இருந்தது. பெட்டிக்கடைகளில் சிகரெட் விற்பனை ஏறியது. சத்து ஏற்றும் ஆஸ்பத்திரி வரிசையில் பிளாஸ்க்கும் கையுமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆணும் கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொன்னது. கரூரில் எந்த ஆண் யாருக்குக் கொடுத்தான் என்று கேட்டால் ஊரே யோசிக்கும். கல்யாணத் தரகர்கள் பத்துப் பொருத்தம் பார்த்த கையோடு, "பொண்ணுக்குச் சத்து எவ்வளவுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் முகம் சுளித்தவர்களும் அப்புறம் பழகிக்கொண்டார்கள். மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை?

அவர்களுடைய ஒரே மகள் கவினயா இன்ஜினியரிங் முடித்ததும் கரூரிலேயே நல்ல வேலை கிடைத்தது. தமயந்தி ஒற்றைக்காலில் நின்று அவளை ஹோசூருக்கு அனுப்பிவைத்தாள். அங்கே ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வேலை, ஹாஸ்டலில் சாப்பாடு. இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "வீட்டுல சோறு இல்லாமயா புள்ளையை அவ்ளோ தூரம் அனுப்பறே?" என்று சென்னியப்பன் கத்தியபோது அவள் மகளின் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. கவினயா லீவுக்கு வீட்டுக்கு வந்தால் தமயந்தி அவளுக்குச் சமைப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் இருந்து பார்சல் வரும். அம்மாவும் அப்பாவும் வீட்டுச் சோறு தின்ன, மகள் எதிரே உட்கார்ந்து வாழை இலைப் பொட்டலத்தைப் பிரிப்பாள். தீபாவளிக்கும் அப்படித்தான்.

"புள்ளைக்கு நாக்கு ஓட்டல் ருசிக்குப் பழகிப்போச்சுங்க," என்பாள் தமயந்தி.

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டாள் கவினயா ஒருமுறை. தமயந்தி காதில் விழாதது போல் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். கவினயா அப்பாவைப் பார்த்தாள். "அம்மாவுக்கு எம் மேல என்னப்பா கோவம்?" அவருக்கு என்ன தெரியும்? அன்றைக்கு அந்தப் பெண் பொட்டலத்தை மூடிவைத்துவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறினாள்.

அந்தக் கவினயாவுக்குத்தான் தாராபுரத்தில் இருந்து ஒரு வரன் வந்தது. பையன் பேர் மிதுனன். சொந்தமாக நூல் வியாபாரம், ஒரே மகன், நல்ல குணம். தரகர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார். சிகரெட் பழக்கத்தால் பையனுக்கு வாயில் வெள்ளை கண்டிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, சின்னதுதான். பெண் வந்து ஒரே அடுப்பில் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"வேண்டாமுங்க," என்றாள் தமயந்தி.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"காரணம் சொல்லோணுமில்ல? ஊருல இல்லாத அதிசயமா? நீ எனக்குக் குடுக்கலையா? குடுத்து உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

தமயந்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கவினயாவைப் போனில் கேட்டபோது அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அதுல என்னப்பா இருக்கு? அம்மா உங்களுக்குக் குடுக்கறாங்க. நானும் குடுத்துட்டுப் போறேன்." அப்பன் மனசு குளிர்ந்துவிட்டது. பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறோம் என்று பட்டறையில் நாலு பேரிடம் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மிதுனனும் அவன் அம்மா சாந்தாமணியும் மட்டும்தான். கவினயா ஹோசூரில் இருந்து காலையிலேயே வந்திருந்தாள். அவளுடைய சத்து அளவைத் தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சாந்தாமணியின் முகத்தில் இப்போதே சம்பந்தி களை வந்துவிட்டது.

"பொண்ணுக்கு இப்படி அளவு வர்றது நெம்ப அபூர்வமுங்க," என்றாள். "எங்க பையனுக்குக் குடுத்து வெச்சிருக்கு."

"ஒறம்பரை வந்துட்டுச் சோறு உங்காமப் போகக்கூடாது," என்று சென்னியப்பன் இலை போட்டார். கவினயா தலைவலி என்று சொல்லி அறைக்குள் இருந்தாள். விருந்தாளிகள் முன்னால் பொட்டலம் பிரிக்க அந்தப் பெண்ணுக்கு வெட்கம். தமயந்தி பரிமாறினாள். கத்திரிக்காய்க் குழம்பு, கொள்ளுப் பருப்பு, ரசம். காரமே இல்லாத குழம்பை வைத்து மானத்தை வாங்குகிறாளே என்று சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் எரிந்தது.

மிதுனன் பேசாத பையன். குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். இரண்டாம் தடவை குழம்பு கேட்டான். மூன்றாம் தடவையும் கேட்டான். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு தமயந்தியைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு வாய் இப்படி ஆன பொறவு வயிறார உண்டதே இல்லீங்க அத்தை. எங்க வீட்டுல காரம் கம்மியாப் போட்டாலும் எரியும். எரியாம இருக்கோணும்னா எவ்ளோ போடலாம்னு வாய் வெந்தவங்களுக்குத்தான் தெரியும். நீங்க எப்படிங்க இவ்ளோ சரியா வெச்சீங்க?"

"பையனுக்காகப் பக்குவம் பாத்துச் செஞ்சிருக்காங்க," என்றாள் சாந்தாமணி பெருமையாக.

தமயந்தி ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

சென்னியப்பனுக்குக் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. இந்தப் பையனுக்காக இன்றைக்கு வைத்த குழம்பா இது? மாதக்கணக்காக இதே குழம்பைத்தானே அவர் தின்கிறார். அவர் வாய் சரியாகி எத்தனையோ காலம் ஆயிற்று. அவருக்கு எரியவில்லை. அப்படியானால் இந்த வீட்டில் யாருக்கு எரிந்தது?

அவர் எழுந்து கை கழுவினார். அலமாரியில் இருந்த டார்ச்சை எடுத்தார். பற்றவைத்த இடத்தில் விரிசல் பார்ப்பதற்காகப் பட்டறையில் கொடுத்த சின்ன டார்ச் அது. சமையல்கட்டுக்குப் போய் கதவைச் சாத்தினார்.

"வாயைத் தொற புள்ள."

"என்னங்க இது? ஒறம்பரை உக்காந்திருக்காங்க."

"தொறன்னு சொல்றேன்."

அவள் தலையைத் திருப்பினாள். அவர் தாடையைப் பிடித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

நாக்கின் ஓரம் முழுக்க வெள்ளை. அவர் கண்ணாடியில் பார்த்த அதே வெள்ளைதான், ஆனால் அவருடையதைவிடப் பெரிது. நடுவில் வெள்ளையைக் கிழித்துக்கொண்டு சிவப்பு தெரிந்தது. ஓரம் தடித்து மேடாகியிருந்தது. வெறும் வெள்ளையாக இருக்கிற வரைக்கும் நேரம் இருக்கிறது, சிவப்பு கலந்தால் நேரமில்லை என்று டாக்டர் ஹெப்சிபா அவருக்குச் சொல்லியிருந்தார். ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டிராத வாய் அது. வெற்றிலைகூடப் போட மாட்டாள்.

"எப்ப இருந்து?"

"ஒண்ணரை வருஷமிருக்கும்."

"ஆஸ்பத்திரியில பாக்கலியா? போகும்போதெல்லாம் அளவு பாத்தாங்களே?"

"ஊசி போட்டு அளவு பாப்பாங்க. வாயை யாரு பாத்தா? நான்தான் புகைக்கறவ இல்லையே." தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மொதல்ல அளவு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் குறைஞ்சுபோச்சு. அங்க வரிசையில உக்காந்திருக்கற பொம்பளைங்க சொன்னாங்க, போற அன்னிக்கு விடிகாலைல நெல்லிக்காச் சாறு ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு, சத்து மாத்திரையும் போட்டுக்கிட்டுப் போனா அளவு ஏறிக் காட்டும்னு. அங்க எல்லாரும் அப்படித்தான் பண்றோம்."

"இல்லாததை இருக்குதுன்னு காட்டி எடுக்க விட்டிருக்கியே. எதுக்குடி? குறைஞ்சா நிறுத்தியிருப்பாங்களே."

"நிறுத்த மாட்டாங்க. அதே வீட்டுல வேற ஆளைக் கேப்பாங்க." அவள் மூடிய கதவைப் பார்த்தாள். "இந்த வீட்டுல வேற யாரு இருந்தா?"

சென்னியப்பன் சுவரில் சாய்ந்தார். ஹோசூர் வேலை, ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் ஸ்டாண்டு பார்சல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் நெஞ்சில் இடித்தன.

"அதுக்குத்தான் அவளுக்கு நீ சமைக்காம இருந்தியா?"

"கேட்டா அவ மாட்டேன்னு சொல்லுவாளா? கையை நீட்டிருவா. உங்க புள்ளையாச்சே, பாசக்காரி. அதான் அடுப்பையே பிரிச்சு வெச்சேன். எங்கையால ஒரு வாய் தின்னாலும் அடுப்பு ஒண்ணாயிருமோன்னு பயம். டாக்டரம்மாவக் கேக்கவும் முடியல, கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க." அவள் குரல் உடைந்தது. "நீங்க என்னடான்னா அவளைக் கொண்டுபோய் இன்னொரு அடுப்புல உக்கார வெக்கப் பாக்கறீங்க."

சிகரெட்டை விடச் சொல்லி ஏன் சண்டை போடவில்லை என்று அவர் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. முதல் வருஷம் அவள் போட்ட சண்டை எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்போது அவர் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது. "அதான் ஆறிருச்சில்ல, விடு." வெட்கத்தில் அவருக்கு அழுகைகூட வரவில்லை.

கூடத்துக்கு வந்தபோது சாந்தாமணி வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க," என்றார்.

சாந்தாமணி திகைத்தாள். "ஏனுங்க? பொண்ணு அளவுல ஏதாச்சும் மாத்திச் சொல்லிட்டாங்களா?"

"அளவு சரியாத்தான் இருக்குதுங்க. அதுக்காகத்தான் வேண்டாங்கறேன்."

"வீட்டுக்கு வரச்சொல்லி அவமானப்படுத்தறீங்களே, இது நாயமா?" என்று சாந்தாமணி எழுந்தாள். சென்னியப்பன் அவளுக்குப் பதில் சொல்லாமல் மிதுனன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்களுக்குக் குடுக்க ஆளு கெடைக்காம இருந்தா நீங்களே சிகரெட்டை விட்டுருவீங்க. பொழச்சுக்குவீங்க. எனக்கு ஆளு கெடைச்சுது."

அந்தப் பையன் சாத்தியிருந்த சமையல்கட்டுக் கதவை ஒரு கணம் பார்த்தான். குழம்பின் ரகசியம் அவனுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. கும்பிட்டுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனான்.

மறுநாளே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாக்கில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் ஹெப்சிபா வழக்கமான வேகத்தில் பேசவில்லை.

"முந்தின படி தாண்டிருச்சு," என்றார். "நாக்குல ஒரு பக்கத்தை எடுக்கணும். எடுத்த பிறகு திரும்ப வராம இருக்கணும்னா இவங்களுக்குச் சத்து ஏத்தணும். இவங்க ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. தப்பு எங்க மேலயும் இருக்கு. குடுக்கிறவங்க வாயை நாங்க ஒருநாளும் தொறந்து பாக்கல. புகைக்காத வாயில என்ன இருக்கப் போகுதுன்னு இருந்துட்டோம்."

"எங்கிட்ட இருந்து எடுங்க," என்றார் சென்னியப்பன். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரே அடுப்புதானுங்க. எனக்குள்ள இருக்கறதே அவளுதுதான. அவளுதை அவளுக்கே திருப்பிக் குடுங்க."

டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். "புகைக்கிறவங்க ரத்தத்துல இருந்து பிரிச்சா சத்தோட சேந்து பொறியும் வரும். புகையை விட்டு ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கணும். அன்னிக்குச் சொன்னப்ப நீங்க விட்டிருந்தீங்கன்னா, இவங்களுக்கு உங்களை மாதிரிப் பொருத்தமான ஆள் இந்த ஊர்லயே கிடையாது."

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். வெல்டிங் பொறி பட்டு ஆறிய தழும்புகள் விரல் முழுக்க இருந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிகரெட்டுக் கறையில் மஞ்சளாக இருந்தன.

"என்னோடது எடுங்க," என்று கவினயா சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"வேண்டாம்," என்றாள் தமயந்தி.

"நீ சும்மா இரும்மா."

பரிசோதித்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. அந்தக் குடலில் இருந்தது ஹோசூர் ஹாஸ்டலின் சோறு. தமயந்தி பிரித்து வைத்த அடுப்பு பிரிந்தேதான் இருந்தது. அவள் நினைத்தபடியே எல்லாம் நடந்திருந்தது. மகள் தப்பித்துவிட்டாள். தாய்க்கு இருந்த கடைசி வழியும் அதோடு அடைபட்டுப் போயிற்று.

"இனிமே வீட்டுல சாப்பிட்டா?" என்று கேட்டாள் கவினயா.

"ரெண்டு வருஷம் ஆகும்மா. அதுவரைக்கும் இவங்க தாங்கணும்." டாக்டர் ஏதோ ஆறுதல் சொல்ல நினைத்தவர் போல் கேட்டார். "லீவுக்கு வரும்போது வீட்டுல சாப்பிட்டிருப்பீங்களே?"

"ஒரு வாய்கூட இல்ல. அடுப்பு ஒண்ணாயிரும்னு அம்மா போடவே இல்ல."

டாக்டர் தமயந்தியைப் பார்த்தார். "அய்யோ, ஒரு வாய்ல என்னங்க ஆகும்? மாசத்துக்கு நாலு நாள் வந்து தின்னுட்டுப் போனா அடுப்பு ஒண்ணாகாது. வருஷக்கணக்கா விடாமத் தின்னாத்தான் ஆகும். நீங்க தாராளமாப் போட்டிருக்கலாமே."

நாக்கில் புற்று என்று சொன்னபோது அழாதவள் அப்போது அழுதாள். தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் என்று எத்தனை நாள் அந்தப் பிள்ளையை எதிரே உட்கார வைத்து ஓட்டல் சோறு தின்ன விட்டாள். வெறும் வயிற்றோடு பஸ் ஏற விட்டாள். எல்லாம் வீணுக்கு. கவினயா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சென்னியப்பனுக்கு அவர்கள் பக்கத்தில் போகக் கால் வரவில்லை. கதவோரம் நின்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் தமயந்தி சமைத்தாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. சென்னியப்பன் கூடமாட நின்று வெங்காயம் உரித்தார். பாக்கெட்டில் சிகரெட் இல்லை. சமையல்கட்டுக்குள் அவர் டார்ச்சோடு நுழைந்த அன்றைக்கு விட்டதுதான். கை அடிக்கடி தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. எதற்கும் உதவாத காலத்தில் விட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் விட்டிருந்தார்.

தமயந்தி மிளகாயை அள்ளினாள். பழைய நாளில் போடுகிற அளவு. குழம்பு கொதித்தபோது பக்கத்து வீட்டில் தும்மல் சத்தம் கேட்டது. அவள் வாயில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, பட்டால் உயிர் போய்விடும். உப்பு உறைப்பு எதையும் பார்க்காமல் கைக்கணக்கிலேயே இறக்கினாள்.

கவினயா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடுவதாக முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். தமயந்தி அவளோடு அதைப் பற்றிப் பேசவே மறுத்திருந்தாள்.

"பசிக்குதும்மா."

தமயந்தி மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "பசிக்குத்தான் கேக்கறியா? இல்ல அடுப்பை ஒண்ணாக்கவா?"

"பசிக்குத்தான்மா. சத்தியமா."

பொய்தான். மூன்று பேருக்கும் தெரியும். தமயந்தி கரண்டியால் குழம்பை ஒருமுறை கிளறினாள். பிறகு தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். சூடு ஆறுவதற்கு ஊதினாள். உருட்டி மகள் வாயில் வைத்தாள்.

கவினயா மென்றாள். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அல்லது காரத்தின் பேரில் கொட்டியது.

"உப்பு சரியா இருக்குதா கண்ணு?"

"சரியா இருக்கும்மா." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தாள். "இன்னொண்ணு."

தமயந்தி தட்டை இழுத்து மூடிவைத்தாள். ஈரக்கையால் மகளின் கன்னத்தைத் துடைத்தாள்.

"ஒரு வாய் ஒண்ணும் பண்ணாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒண்ணு போதும் சாமி," என்றாள். "மேசை மேல பார்சல் வெச்சிருக்கேன். அப்பாவைப் பிரிச்சுத் தரச் சொல்லு."